எபிபானியோ ஸ்பீக்கர் வைத்த ஞாயிறு

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஆக நல்ல இடத்தை எதற்குக் கொடுத்திருக்கிறீர்கள்? சாமிக்கா, தொலைக்காட்சிக்கா, கல்யாணப் படத்துக்கா? அந்தக் கூடத்துக்குச் சுவர் எழும்ப வேண்டுமென்று யாரோ ஒருவர் எங்கேயோ போய்ப் பாத்திரம் கழுவினாரே, அவர் வந்து உட்கார அங்கே ஓர் இடம் இருக்கிறதா? உடனே பதில் சொல்ல வேண்டாம். முதலில் எபிபானியோவைப் பற்றிக் கேளுங்கள்.

இலோயிலோ நகரிலிருந்து தெற்கே போகிற ஜீப்னிச் சிற்றுந்துகள் கடைசியாக வளைந்து திரும்பும் கடலோர ஊர் எங்களுடையது. எபிபானியோ இங்கே மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். ஊருக்கு அவன் பன்யோங். மீனவன் மகன். கப்பலுக்குப் போக ஆசைப்பட்டான். கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையின் மூன்றாம் வரி அவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டது. பிறகு சந்தையில் கருவாடு விற்ற ஆர்செனியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். செனியா கூவினால் சந்தையின் அந்தக் கோடியில் தூங்கும் நாய் எழுந்து உட்காரும். அப்படிப்பட்ட குரல். அவள் சிரித்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன விஷயம் என்று கேட்காமலே சேர்ந்து சிரிப்பார்கள்.

மகள் நடக்கத் தொடங்கிய வருஷம் செனியா ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனாள். "ரெண்டே வருஷம்" என்றுதான் போனாள். எங்கள் ஊரில் அதை யாரும் காலக்கணக்காக எடுத்துக்கொள்வதில்லை. வழியனுப்பும்போது சொல்லும் மரியாதை வார்த்தை அது. முதல் ஒப்பந்தத்தில் நீப்பா ஓலைச் சுவர் சிமெண்ட் சுவரானது. இரண்டாவதில் தகரக் கூரையும் தரைக்கு ஓடும் வந்தன. மூன்றாவதில் பீங்கான் தட்டுகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. பன்யோங் சும்மா இருந்து தின்றவன் அல்ல. வண்டி ஓட்டினான், சோறு வடித்தான், மகளுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டான். வண்டி நிறுத்தத்தில் அவனுக்கு "மம்மி" என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கேலிக்கு அவன் பதில் சொன்னதில்லை. பதில் சொல்வது அவனுக்கு வராத கலை.

அவனுக்கு மட்டுமா? எங்கள் ஊரில் "முடியாது" என்ற சொல் அகராதியில்தான் இருக்கிறது. விருந்துக்கு வர மனமில்லாதவன் "பார்க்கலாம்" என்பான். பெண் கொடுக்க மனமில்லாதவன் போனை எடுக்க மாட்டான். எடுக்காதவனிடம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது நாகரிகம் இல்லை. மௌனம்தான் பதில் என்று புரிந்துகொண்டு விலகிப்போக வேண்டும். இதைப் பண்பாடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். கோழைத்தனத்துக்குச் சலவைச் சட்டை மாட்டிவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

"முடியாது" சொல்லத் தெரியாதவர்களுக்கு "வேண்டும்" சொல்லவும் தெரியாது. மூன்றாவது ஒப்பந்தத்தின் கடைசி மழைக்காலத்தில் பன்யோங் போனில் மனைவியிடம் சொன்னான்:

"வீடு ரொம்ப அமைதியா இருக்கு, செனியா."

"ஏன், பொண்ணு சத்தம் போடலையா?"

"அவ பள்ளிக்கூடம் போயிடறா. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல."

"சரி சரி, நான் பாத்துக்கறேன்."

அவன் சொன்னதன் அர்த்தம், திரும்பி வா. அவளுக்குப் புரிந்தது, வீட்டில் சத்தம் இல்லை. சத்தத்துக்கு ஏற்பாடு செய்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த பெட்டியில் சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட், காலுறை எல்லாவற்றுக்கும் நடுவே, அவளுடைய பழைய கம்பளிச் சட்டையில் சுற்றிய ஒரு கறுப்பு ஸ்பீக்கர் இருந்தது. நெற்றியில் ஒரு சின்ன மேடை. போனை அதில் செருகினால் போனில் உள்ள பாட்டு ஸ்பீக்கரில் வரும். செருகுவதற்கென்று எஜமானி கழித்துக்கட்டிய போன் ஒன்றும் கூடவே வந்தது. பன்யோங் தன் சிம்மை அதில் போட்டுக்கொண்டான். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே போன் அதுதான்.

ஜனவரி கடைசியில் செனியா கூப்பிட்டாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. வர்ற ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும்னுட்டாங்க மேடம். இல்லன்னா வேற ஆள் பாப்பாங்களாம். பன்யோங், எனக்கு இங்க போதும்னு ஆயிடுச்சு. ஆனா நீ சொல்லணும். வளைச்சுப் பேசாத. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடறேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்துடறேன்."

வண்டியில் மூன்று பயணிகள். மூவருமே கோயிலில்கூட அவ்வளவு கவனமாக எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். பன்யோங் காது சிவந்து, "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று முடித்தான்.

சொல்லத்தான் நினைத்தான். அந்த வாரம் முழுவதும் வண்டி ஓட்டியபடி "வா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததை ஊரே பார்த்தது. தனியாகச் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒரு வழி கண்டுபிடித்தான். ஞாயிறு மதியம் அக்கம்பக்கத்தாரை விருந்துக்குக் கூப்பிடுவது, செனியா வந்து கேட்பதற்கு ஏற்றபடி ஸ்பீக்கரைச் சரியான இடத்தில் வைப்பது, நாலு மணிக்கு அவள் கூப்பிட்டதும் எல்லாருமாகச் சேர்ந்து "வா!" என்று கத்துவது. ஒரு சொல்லைச் சொல்ல ஒரு தெருவையே கூலியில்லாமல் அமர்த்திய மனிதன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

விருந்துக்கு வந்தவர்களில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் ருபெர்த்தோ. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். அவன் செட்டைப் போட்டால் மூன்று நாளைக்குக் கோழி முட்டையிடாது. பன்யோங் மகளுக்கு ஞானத்தகப்பன் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் "பாரே" என்றே கூப்பிடுவார்கள். இன்னொருவர் பக்கத்து வீட்டு மனாங் கொன்சோர்சியா, கோயில் பாடகர் குழுவின் தலைவி. ஊரில் எல்லாருக்கும் அக்கா.

சாப்பாடு முடிந்தது. ஸ்பீக்கர் கண்ணாடி அலமாரியின் தலையில் உட்கார்ந்திருந்தது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அந்த வீட்டில் சோபாவுக்கும் பிளாஸ்டிக், தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக். பன்யோங் போனைச் செருகி ஒரு பாட்டைப் போட்டான். கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்டது. கூடவே அலமாரித் தட்டுகள் கிணுகிணுவென்று தாளம் போட்டன.

"பாரே, இது ஸ்பீக்கரா, ஜலதோஷமா?" என்றான் ருபெர்த்தோ.

"அந்த பிளாஸ்டிக்க உரிச்சாத்தான் என்ன?" என்றார் கொன்சோர்சியா.

பன்யோங் பதறிவிட்டான். "ஐயோ, வேணாம் மனாங். செனியா வந்து அவ கையால உரிக்கட்டும். அவ வாங்குனது."

அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்பு என்று வந்துவிட்டால் அறிவை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருவது எங்கள் வழக்கம். ஒலிக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. பொந்துள்ள பெட்டியின்மேல் வைத்தால் பெட்டியும் சேர்ந்து பாடும். மூலையில் தள்ளினால் அடிக்குரல் வீங்கும். வாயை மூடினால் மூடிய வாயால்தான் பேசும். உறையை உரித்து, காது உயரத்தில், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வைத்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஒன்றைச் செய்யக்கூடாது என்று ஆனபின், மற்ற எல்லாவற்றையும் செய்யத் தொடங்கினார்கள்.

"மூலைதான் சரி. மூலைல வெச்சா பாஸு இடிக்கும்" என்றான் ருபெர்த்தோ.

மூலையில் குழந்தை இயேசு நின்றுகொண்டிருந்தார், சிவப்பு வெல்வெட் அங்கியும் தகரக் கிரீடமுமாக.

"கடவுள நகத்தி வெச்சுட்டுப் பாட்டுக் கேக்கப்போறியாடா? ராத்திரி கைகால் இழுத்துக்கும்" என்றார் கொன்சோர்சியா.

"நகத்தலை மனாங். ஸ்பீக்கர் மேலயே ஏத்தி வெச்சிடலாம். கனம் இருந்தா அதிராது."

இது இறையியலுக்கும் ஒலியியலுக்கும் ஒருசேரப் பொருந்துவதாகப் பட்டதால் ஏற்றிவைத்தார்கள். முதல் பறையடியிலேயே குழந்தை இயேசு ஆட ஆரம்பித்தார். கிரீடம் கழன்று சோபாவின் பிளாஸ்டிக்கில் சறுக்கிக்கொண்டு போனது. கொன்சோர்சியா சிலுவை போட்டுக்கொண்டே சிரித்துவிட்டார். சிரித்ததற்காக இன்னொரு சிலுவை போட்டுக்கொண்டார்.

ஸ்பீக்கர் நடுக்கூடத்துக்கு, ஒரு நாற்காலிக்கு வந்தது. இப்போது சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் பாட்டை ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்தன.

"எதிரொலி" என்றான் ருபெர்த்தோ, வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதுபோல. "போர்வை இருக்கா?"

போர்வைகள் வந்தன. எல்லா ஜன்னலிலும் தொங்கின. கதவுக்கும் ஒன்று. கூடம் இருண்டு புழுங்கியது. அடுத்து, சுவர்க் கடிகாரம் பாட்டுக்கு அதிர்ந்து டக்டக்கென்று சுவரை இடிப்பதை ருபெர்த்தோவின் காது பிடித்தது. கடிகாரத்தைக் கழற்றிச் சமையற்கட்டில் அரிசி மூட்டைமேல் கவிழ்த்து வைத்தார்கள்.

"செனியா கூப்பிடுவாளே, மணி என்ன?" என்றார் கொன்சோர்சியா.

"நாலு மணிக்குத்தான் மனாங். இப்பத்தான் ரெண்டு தாண்டிச்சு" என்றான் பன்யோங்.

அப்போதுதான் ஸ்பீக்கருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிட்-டிட்-டிட், டிட்-டிட்-டிட். பழைய போன்களை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். போன் கோபுரத்தோடு பேசும்போது ஸ்பீக்கர் அப்படி இருமும். பாட்டின் உருக்கமான இடத்தில் அது இருமியதும் ருபெர்த்தோ நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"சிக்னல்! இதுதான் பாரே, இவ்ளோ நேரம் சவுண்ட கெடுத்துக்கிட்டிருந்த கிருமி. போன விமானத்துல போடு."

விமானப் பயணத்தில் இருப்பதாகப் போனை நம்பவைக்கும் பொத்தான் ஒன்று உண்டல்லவா, நாலு மணிக்குள் இறக்கிவிடலாம் என்று அதை அழுத்தினான் பன்யோங். அந்த வீட்டில் யாரும் விமானம் ஏறவில்லை. போன் மட்டும் ஏறியது.

இருமல் குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை. ருபெர்த்தோ சுற்றிலும் பார்த்தான். "உங்க பாக்கெட்ல இருக்கறதெல்லாம் என்ன? அணைங்க எல்லாரும். அணைச்சு இதுல போடுங்க." ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினான். கோயில் உண்டியல்கூட அவ்வளவு வேகமாக நிறைந்ததில்லை. அவனுடையதும் விழுந்தது, கொன்சோர்சியாவுடையதும் விழுந்தது. மூடியை அழுத்தி மூடி, டின்னைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தான்.

இருமல் நின்றது. பாட்டுத் தெளிந்ததுபோல் இருந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றான் ருபெர்த்தோ. பிளாஸ்டிக் உறைக்குள் எவ்வளவு தெளியுமோ அவ்வளவுதான் தெளிந்திருக்கும். ஆனால் இத்தனை பாடுபட்ட பிறகு தெளிவு கேட்காமல் போனால், கேட்காத காதுக்குத்தானே அவமானம்? எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தி ஒரு பாட்டு, அந்தப் பக்கம் நகர்த்தி ஒரு பாட்டு. நடுவே தென்னங்கள் வந்தது. கொன்சோர்சியா தானும் ஒன்று பாடினார். இருட்டிய கூடத்தில், கடிகாரம் இல்லாமல், வெளியுலகத்தோடு ஒரு நூலும் இல்லாமல், தெருவே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து நல்ல சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஹாங்காங்கில் செனியா என்ன செய்துகொண்டிருந்தாள்? வாரத்தில் அவளுக்கு விடுமுறை அன்று ஒருநாள். நடைமேம்பாலத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, எங்கள் நாட்டுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் அரசாங்கம் இவர்களை நாட்டின் வீராங்கனைகள் என்கிறது. விமான நிலையத்தில் தனி வரிசைகூடக் கொடுத்திருக்கிறது. போருக்கு அனுப்பிய வீரர்களையாவது ஒருநாள் திரும்ப அழைப்பார்கள். அடுத்தவர் பிள்ளைக்குப் பால் ஆற்றி, சமையலறை ஓரத்தில் மடக்குக் கட்டிலில் படுத்து, இரவு வாசற்படி ஏறும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்ற எஜமானியின் விதிக்கும் அடங்கி நடக்கிற இந்த வீராங்கனைகளை எந்த மந்திரியும் திரும்ப அழைத்ததில்லை. அவர்கள் திரும்பிவிட்டால் நம்மை எது தாங்கும் என்பது அவருக்கும் தெரியும், எங்கள் ஊருக்கும் தெரியும். அதனால்தான் கேட்காமல் இருக்கிறோம்.

நாலு மணிக்கு அவள் கூப்பிட்டாள். போன் விமானத்தில் இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். கொன்சோர்சியாவைக் கூப்பிட்டாள். ருபெர்த்தோவைக் கூப்பிட்டாள். தெருவில் தனக்குத் தெரிந்த எண்களையெல்லாம் கூப்பிட்டாள். எல்லாம் அணைந்திருந்தன. வேறு ஊர்க்காரியாக இருந்தால், ஏதோ விபத்து என்று பயந்திருப்பாள். இவள் எங்கள் ஊர்க்காரி. ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம், ஒரு தெருவே எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கூடத்தில் புழுக்கம் தாங்காமல் யாரோ கதவுப் போர்வையை விலக்கினார்கள். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பன்யோங்!" கொன்சோர்சியா எழுந்துவிட்டார். "டேய், செனியா!"

பன்யோங் பாய்ந்துபோய்ப் போனை மேடையிலிருந்து எடுக்காமலே பொத்தானை அழுத்தினான். போன் தரையிறங்கியது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்பீக்கர் இருமத் தொடங்கியது. டிட்-டிட்-டிட். ஒரு செய்தி. டிட்-டிட்-டிட். இன்னொன்று. ஒவ்வொரு செய்தி வந்து விழும்போதும் முழுச் சத்தத்தில் இருமியது.

"நான் சொல்லல?" என்றான் ருபெர்த்தோ காதைப் பொத்திக்கொண்டு. "சிக்னல் வந்தா சவுண்டு செத்துடும்."

"வாய மூடு, பெர்த்தோ" என்றார் கொன்சோர்சியா.

போன் எல்லாரையும் பார்த்து நின்றிருந்தது. எல்லாரும் படித்தார்கள்.

வண்டியில இருக்கியா?

நாலரை ஆச்சு.

மனாங் கொன்சோரும் அணைச்சு வெச்சிருக்காங்க. பாரேயும்.

பன்யோங், வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே.

சரி. புரிஞ்சுது. சங்கடப்படாத. நான் வீட்டுக்குள்ள போறேன். இன்னும் ரெண்டு வருஷம்னு சொல்லிடறேன்.

பன்யோங் கூப்பிட்டான். அவளுடைய போன் அணைந்திருந்தது. தெருவுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டான், சிக்னல் வெளியே நன்றாக இருக்கும் என்று. ஜன்னல் போர்வைகளை ஒருவர் அவிழ்த்தார். ஒருவர் கடிகாரத்தைக் கொண்டுவந்து மாட்டினார். பிஸ்கட் டின்னிலிருந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். "வா" என்று கத்துவதற்காக வந்தவர்களில் ஒருவர்கூட அன்று அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

அன்றிரவு அவன் அனுப்பிய செய்தியை மறுநாள் காலை அவள் படிப்பதற்குள் எஜமானி ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டாள். அந்தச் செய்தியிலும் மன்னிப்புதான் இருந்தது, "வா" இல்லை. அந்த வாரமே கையெழுத்தும் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு முறித்தால் ஏஜென்சி மறுபடி எங்கேயும் அனுப்பாது என்றார்கள்.

அடுத்த ஞாயிறு செனியா கூப்பிட்டாள். கொன்சோர்சியா பக்கத்தில் இருந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போர்வை, டின், கடிகாரம் எல்லாவற்றையும் பன்யோங் விளக்கினான். அவள் சிரித்தாளாம், சந்தையில் சிரிப்பதுபோல் இல்லையாம்.

"அப்ப, நான் வரணும்னு நெனச்சியா?"

இப்போதாவது ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. கொன்சோர்சியா அவன் முதுகில் குத்தியிருக்கிறார். "சொல்லுடா."

"நீ அங்க எப்படி இருக்கியோ... உனக்கு எது சௌகரியமோ..." என்றான் பன்யோங்.

"சரி. பாட்டு நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது" என்றான்.

அவனைத் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. அவனைத் திட்டுவது எளிது. அவனுக்குப் பேசக் கற்றுத்தராத நாம் அத்தனை பேரும் திட்டு வாங்காமல் தப்பித்துக்கொள்கிறோம். அதனால் உங்களிடமே கேட்கிறேன். உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ போய், கடல் தாண்டி யாரோ ஒருவர் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கும் ஒருத்தி இருப்பாள். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே அவளைக் கூப்பிடுங்கள். சாமான் எதுவும் கேட்காதீர்கள். "எப்போது வருகிறாய்?" என்றும் கேட்காதீர்கள், அது அவளுக்குப் பழகிப்போன கேள்வி. "நீ திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம், அதற்கு நாங்கள் இங்கே என்ன செய்ய வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவள் சொன்னதை மறுநாளே செய்யத் தொடங்குங்கள்.